இழந்த நாட்கூலியும் இளைய ஆட்டக்காரரும்

பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கில், ஈப்போவுக்குத் தெற்கே அமைந்த சிற்றூர் கோப்பெங். ஈயத்தால் எழுந்த ஊர் அது. இங்கிலாந்தின் கார்ன்வால் வட்டாரத்து ரெட்ருத் நகரில் 1892ஆம் ஆண்டில் உருப்பெற்ற கோப்பெங் ஈயச் சுரங்க நிறுவனம், மலைநீரைப் பெருங்குழாய்களில் இறக்கி, அதன் விசையால் மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தது. ஈயம் எடுக்காத நிலத்தில் ரப்பர் நின்றது. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் இன்றும் முற்றுப்பெறாமல் நிற்கும் கெல்லி மாளிகையும், தமிழ்த் தொழிலாளருக்காக அதன் அண்மையில் எழுப்பப்பெற்ற மாரியம்மன் கோயிலும் அக்காலத்தின் இரு சான்றுகள்.

அன்று இவ்வட்டாரத்து விளையாட்டுத் திடல்களும் இருவகைப்பட்டன. ஒன்று துரைமார் மன்றத்தின் புல்திடல். மற்றொன்று லயத்தை ஒட்டிய தோட்டத் திடல். முன்னதில் ரக்பியும் கிரிக்கெட்டும் நடந்தன. பின்னதில், பால்வெட்டு முடிந்து வந்த இளைஞர் மாலை வேளையில் வெறுங்காலால் பந்துதைத்தனர். 1921ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வருகை புரிந்த ‘மலாயா’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கடற்படையினர், நன்றிக்கடனாக இரு கிண்ணங்களை வழங்கினர். ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு. காற்பந்துக் கிண்ணம் பல இனத்தாரும் போட்டியிடும் மலாயாக் கிண்ணமாயிற்று. 1926ஆம் ஆண்டில் பேராக் அதனை முதன்முறையாக வென்றது. 1967 முதல் அது மலேசியக் கிண்ணம் என வழங்குகிறது. ரக்பிக் கிண்ணமோ தொடக்கத்தில் பெரும்பாலும் ஐரோப்பியரிடையே சுழன்றது.

ஆகவே, முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் ரக்பியைத் துரைமார் ஆட்டம் என்று தோட்டத்து மக்கள் கருதியதில் வியப்பில்லை. ஆயின், அத்துரைமாரின் தாயகத்திலேயே நிலக்கரிச் சுரங்கத்திலும் நூலாலையிலும் உழைத்தோர் தமக்கென ஒரு ரக்பியை வகுத்துக்கொண்டனர். ரக்பி லீக் என்று பெயர்பெற்ற அவ்வாட்டத்தின் பிறப்புக்குக் காரணமாய் நின்றது ஒரு நாட்கூலி. ஏழைச் சிறுவனின் ஆட்டத்திறனை யார் கண்டெடுப்பது, யார் வளர்ப்பது, அதற்காகும் செலவை யார் ஏற்பது என்னும் வினாக்களுக்கு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிவரும் வரலாறு அது. அவ்வினாக்கள் கோப்பெங்குக்கும் உரியவை.

ஆறு ஷில்லிங்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர், லங்காஷயர் வட்டாரங்களில் ரக்பி ஆடியோருள் பெரும்பாலோர் தொழிலாளர். சனிக்கிழமை காலையிலும் அவர்களுக்கு வேலை இருந்தது. வெளியூர்ப் போட்டிக்குச் சென்றவர் அரைநாட் கூலியையோ முழுநாட் கூலியையோ இழந்தார். காலைப் பெரட்டுக்கு வராதவனுக்குப் பெயர் இல்லை, பெயர் இல்லாதவனுக்குக் கூலி இல்லை என்னும் தோட்ட நடைமுறையை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இழந்த கூலியைக் கழகமே ஈடுசெய்ய இசைவு வேண்டுமென 1893ஆம் ஆண்டில் லண்டனில் கூடிய ரக்பி ஒன்றியக் கூட்டத்தில் யார்க்‌ஷயர் தரப்பினர் தீர்மானம் கொணர்ந்தனர். ஆதரவாக 136 வாக்குகளும் எதிராக 282 வாக்குகளும் விழுந்தன. ஆட்டத்துக்கெனப் பணம் பெறுவது ஆட்டத்தின் தூய்மைக்கு இழுக்கு என்பது எதிர்த்தோர் வாதம். ஆடுவதற்குக் கூலியை இழக்க வேண்டியிராத செல்வருக்கு அவ்வாதம் எளிதாயிருந்தது.

1895ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள், ஹட்டர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் விடுதியில் வடபகுதிக் கழகங்களின் பேராளர்கள் கூடினர். ஒன்றியத்தினின்று விலகி வடபகுதி ரக்பி ஒன்றியம் என்னும் தனி அமைப்பைக் கண்டனர். முதற் பருவத்தில் அதில் இருந்தவை 22 கழகங்கள். இழந்த நாளுக்கு ஆறு ஷில்லிங் ஈடு தரலாம் என்பது அதன் முதல் விதிகளுள் ஒன்று. 1898இல் ஆட்டத்துக்கே ஊதியம் தர இசைவு பிறந்தது. எனினும் ஆட்டக்காரர் வேறொரு முறையான தொழிலும் செய்தாக வேண்டும் என்ற கட்டுப்பாடு 1905 வரை நீடித்தது. 1906இல் பதினைவர் ஆட்டம் பதின்மூவர் ஆட்டமாக மாறிற்று. 1922இல் அவ்வமைப்பு ரக்பி காற்பந்து லீக் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

பழைய ஒன்றியம் பிரிந்துசென்றோரை மன்னிக்கவில்லை. ரக்பி லீக் ஆடியவர் மீண்டும் ஒன்றியத் திடலில் கால்வைக்க இயலாது என்னும் தடை நெடுங்காலம் நின்றது. 1995ஆம் ஆண்டில்தான் ரக்பி ஒன்றியமும் ஊதிய ஆட்டத்தை ஏற்றது. ஆறு ஷில்லிங்குக்கு இசைய அதற்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

இதே நிகழ்வு ஆஸ்திரேலியாவிலும் நேர்ந்தது. 1907ஆம் ஆண்டில் சிட்னியில் அலெக் பர்டன் என்னும் ஆட்டக்காரர் ஆட்டத்தில் காயமுற்று வேலைக்குச் செல்ல இயலாதிருந்தபோது, ஆட்டத்தை நடத்திய அமைப்பு ஈடு ஏதும் வழங்கவில்லை. அதனால் எழுந்த மனக்குறை, கிரிக்கெட் வீரர் விக்டர் டிரம்பர் போன்றோரின் துணையோடு அவ்வாண்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் தனி லீக்காக உருக்கொண்டது. 1908இல் அங்குப் போட்டிகள் தொடங்கின.

கண்டெடுத்தல்

கூலிச் சிக்கல் தீர்ந்ததும் அடுத்த சிக்கல் தோன்றியது. ஊதியம் தரும் கழகம் வெற்றி பெற்றாக வேண்டும். வெற்றிக்குத் திறனாளர் வேண்டும். அவர்களை எங்கே தேடுவது? வட இங்கிலாந்துக் கழகங்கள் இரு வழிகளைக் கைக்கொண்டன. தம் ஊரிலுள்ள சிறு கழகங்களிலிருந்து சிறுவரை எடுத்து வளர்த்தல் ஒரு வழி. ஆள்தேர்வரைத் தொலைவூர்களுக்கு அனுப்பித் திறனாளரை விலைக்குக் கொணர்தல் மற்றொரு வழி.

இரண்டாம் வழிக்கு வேல்ஸ் நாடு வளமான நிலமாயிற்று. சோதனை ஆட்டத்துக்கு வரும் வேல்ஸ் இளைஞரின் பெயரை வெளியிட்டால் அவர் தம் ஊர் ஒன்றியத்தில் தடைக்கு உள்ளாவார். ஆதலின் பெயர் மறைத்து ஆடவைத்தல் வழக்கமாயிற்று. 1953ஆம் ஆண்டில் விகன் கழகம் பில்லி பாஸ்டன் என்னும் பதினெட்டு வயது இளைஞரை 3,000 பவுண் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. கார்டிஃப் நகரின் துறைமுகக் குடியிருப்பில் பிறந்தவர் அவர். அவர்தம் தந்தையார் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டவர். தாயார் ஐரிஷ் மரபினர். சொந்த ஊரின் பெருங்கழகம் அவரை நாடவில்லை. சுரங்க நகரான விகன் நாடியது. அக்கழகத்துக்காக அவர் 478 முறை பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் பதித்துப் புள்ளி ஈட்டினார். அதே கார்டிஃப் நகரிலிருந்து சென்ற கிளைவ் சல்லிவன், 1972ஆம் ஆண்டில் பிரிட்டன் குழுவுக்குத் தலைமை ஏற்று உலகக் கிண்ணம் வென்றார். பிரிட்டனின் தேசியக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவரே. 2023இல் கார்டிஃப் வளைகுடாவில் இவ்விருவருக்கும், அவர்களுக்கு முன் சென்ற கஸ் ரிஸ்மனுக்கும் சிலை நிறுவப்பெற்றது. 2025இல் பாஸ்டனுக்குச் சர் பட்டம் அறிவிக்கப்பெற்றது. இப்பெருமைகள் வர எழுபது ஆண்டுகள் சென்றன.

முதல் வழியும் விகனில் செழித்தது. ஆரெல் செயின்ட் ஜேம்ஸ், விகன் செயின்ட் பேட்ரிக்ஸ் போன்ற சிறு கழகங்கள் சிறுவருக்குத் தொடக்கப் பள்ளியாய் விளங்கின. அவ்வாறு வளர்ந்த ஆண்டி ஃபேரல் 1991இல் பதினாறு வயதிலேயே விகனின் முதற்குழுவில் ஆடினார். இருபத்தொரு வயதில் பிரிட்டன் குழுவின் தலைவரானார். சிறுகழகத்துக்கும் பெருங்கழகத்துக்கும் இடையே நடந்துசெல்லும் தொலைவே இருந்தது, அதுவே பெருஞ்செல்வமாயிற்று.

கரும்புத் தோட்டத்து வழித்தோன்றல்

தோட்டத் தமிழரின் வரலாற்றோடு ஒப்புநோக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் உண்டு. 1863 முதல் 1904 வரை குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்கு வனுவாட்டு, சாலமன் முதலிய தென்கடல் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 62,000 பேர் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தத்தால் சிலரும் வஞ்சனையால் சிலரும் வந்தனர். பின்னர் வெள்ளையர் நாடு என்னும் கொள்கை தலைதூக்கியபோது அவர்களுள் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் வேரூன்றினர். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தபின் கங்காணி முறை தொடர்ந்ததையும், பிற்காலத்தில் குடியுரிமைக்காகத் தமிழர் பட்ட பாட்டையும் அறிந்தோர்க்கு அத்தீவினரின் நிலை நன்கு விளங்கும்.

அவ்வழியில் 1960இல் பிறந்தவர் மேல் மெனிங்கா. இளமையிலேயே குவீன்ஸ்லாந்துக் காவல்துறையின் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்றுநராய் இருந்தவர் வெய்ன் பென்னெட். பிற்காலத்தில் ரக்பி லீக்கின் தலைசிறந்த பயிற்றுநர்களுள் ஒருவராய் விளங்கியவர். மாணவனின் ஆற்றலை அவர் அங்கேயே கண்டுகொண்டார். மெனிங்கா 1982 முதல் 1994 வரை ஆஸ்திரேலியக் குழுவின் நான்கு பிரிட்டன் பயணங்களில் இடம்பெற்றார். இறுதி இரண்டில் தலைமை தாங்கினார். கான்பெராக் கழகம் 1989, 1990, 1994ஆம் ஆண்டுகளில் வாகை சூடியபோதும் அவரே தலைவர். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், அவர் வளர்ந்த ஆண்டுகளில் அவருக்கு ஒரு தொழிலும், அத்தொழிற்கூடத்திலேயே ஒரு நல்லாசிரியரும் வாய்த்தனர். ஆட்டம் கைவிட்டிருப்பினும் அவர் வீழ்ந்திரார்.

பென்ரித் கழகத்தின் ஏணி

ஊர்ச் சிறுவரை வளர்க்கும் முறை அண்மைக் காலத்தில் முழுமை பெற்ற இடம், சிட்னியின் மேற்கெல்லையில், நீலமலை அடிவாரத்திலுள்ள பென்ரித். 1967இல் லீக்கில் சேர்ந்த இக்கழகம் நெடுநாள் கடைநிலையில் உழன்றது. 1991இலும் 2003இலும் வாகை சூடியபின் மீண்டும் தளர்ந்தது. 2011ஆம் ஆண்டில் ஃபில் கோல்ட் பொது மேலாளராய்ப் பொறுப்பேற்றபின், பிற ஊர் ஆட்டக்காரரை விலைக்கு வாங்குவதிலும் தன் வட்டாரத்துச் சிறுவரை வளர்ப்பதே அடிப்படை என்னும் கொள்கையில் கழகம் உறுதிகொண்டது.

அம்முறை ஓர் ஏணியை ஒத்தது. கீழ்ப்படியில் வட்டாரச் சிறுகழகங்கள். அவற்றில் சிறு வயதிலேயே பிள்ளைகள் சேர்கின்றனர். அதற்கு மேல் பதினேழு, பத்தொன்பது, இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோர் குழுக்கள். அவை பிற கழகங்களின் இளையோருடன் முறையான போட்டிகளில் மோதுகின்றன. அதற்கும் மேல் இரண்டாம் நிலைக் குழு, உச்சியில் முதற்குழு. எல்லாப் படிகளிலும் ஒரே வகை ஆட்டமுறையைப் பயில்வதால், மேலே ஏறுபவன் புதிதாய்க் கற்க வேண்டுவது குறைவு. தொலைவிலுள்ள டப்போ போன்ற ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வருகின்றனர். ஐசையா யோ அவ்வாறு வந்தவர். மேற்குச் சிட்னியின் எளிய குடியிருப்புகளில் வளர்ந்த சமோவா மரபினரான ஜெரோம் லுவாய், பிரையன் டோவோ ஆகியோர் இவ்வேணியில் ஏறியவர்கள். 2021, 2022, 2023, 2024 என நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பென்ரித் வாகை சூடியது. 1966இல் செயின்ட் ஜார்ஜ் கழகத்தின் பதினோராண்டுத் தொடர் வெற்றி முடிவுற்றபின் வேறெக்கழகமும் அத்தனை ஆண்டுகள் தொடர்ந்து வென்றதில்லை.

இவ்வெற்றிக்கு விலையும் உண்டு. ஒரு கழகம் ஊதியத்துக்குச் செலவிடும் தொகைக்கு 1990 முதல் வரம்பு உள்ளது. வளர்த்த பிள்ளைகள் அனைவரும் சிறந்தோராகிவிடின் அனைவருக்கும் ஊதியம் தர இயலாது. ஆகவே மேட் பர்டன், ஸ்டீபன் கிரைட்டன், லுவாய் எனப் பலரும் பிற கழகங்களுக்குப் பெயர்ந்தனர். நாற்றங்காலில் வளர்ந்த பயிர் வேற்று வயலில் விளைவதைப் பென்ரித் ஏற்றுக்கொண்டது; நாற்றங்காலை மூடவில்லை.

மற்றொரு முரண்பாட்டையும் மறைத்தல் ஆகாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1956 முதல் மன்றங்கள் சூதாட்டப் பொறிகளை வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளித்துள்ளது. அங்குள்ள ரக்பி லீக் கழகங்களின் சிறுவர் பயிற்சிக்கு அவ்வருவாயும் உதவுகிறது. தந்தை பொறியில் இழந்த காசு மகனின் காலணியாய்த் திரும்புகிறது என்று சொன்னால் அது மிகையன்று. கள்ளுக்கடையை லயத்தின் அருகே கண்ட தோட்டத்து மக்களுக்கு இம்முரண் புதிதும் அன்று.

ஏணியினின்று இறங்குவோர்

வரலாறு வென்றோரின் பெயர்களையே பொறிக்கின்றது. ஆயின் எந்த ஏணியிலும் கீழ்ப்படி அகலம், மேற்படி குறுகல். பதினாறு வயதில் தேர்வு பெறுவோருள் மிகச் சிலரே முதற்குழுவை எட்டுகின்றனர். எஞ்சியோர் காயத்தாலோ, வளர்ச்சிக் குறைவாலோ, மனத்தளர்ச்சியாலோ விலகுகின்றனர். தேர்விலும் பிழை நேர்கிறது. ஓராண்டின் தொடக்க மாதங்களில் பிறந்த பிள்ளை, இறுதி மாதங்களில் பிறந்த பிள்ளையைவிட உடலால் முதிர்ந்திருப்பதைத் திறமை என ஆள்தேர்வர் மயங்கிவிடுவதைப் பல நாட்டு ஆய்வாளரும் கண்டுள்ளனர். பன்னிரண்டு வயதில் பருத்த உடலால் பிறரை வீழ்த்தியவன், பதினெட்டு வயதில் பிறர் வளர்ந்தபின் வழியறியாது நிற்பதும் உண்டு.

இதனால்தான் இன்று அக்கழகங்கள் இளையோரின் படிப்பையும் கைத்தொழிலையும் கவனிக்கத் தனி அலுவலரை அமர்த்துகின்றன. தொடக்க காலத்தில், ஆட்டக்காரர் வேறொரு தொழிலும் செய்தாக வேண்டும் என்று விதித்தது கடுமையாய்த் தோன்றினும், அதில் ஓர் உண்மை பொதிந்திருந்தது. ஆட்டம் முடியும் நாள் ஒன்று உண்டு. வாழ்க்கை அதற்கப்பாலும் நீள்கிறது.

திடலும் ஊதியமும்

இவ்வளவையும் கண்டபின் மலேசியத் தமிழரின் நிலையை நோக்குதல் பயன்தரும். ரக்பி லீக் இம்மண்ணில் வேரூன்றவில்லை. தொழிலாளரின் ஆட்டமாய் இங்கு நின்றது காற்பந்தே. 1951இல் மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைமையைத் துங்கு அப்துல் ரஹ்மான் ஏற்றபின் அவ்வாட்டம் புதுவேகம் பெற்றது. 1957இல் மெர்டேக்காப் போட்டி தொடங்கியது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மு. சந்திரன், 1980 ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற குழுவின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம் முதலியோரின் பெயர்களைத் தோட்டத்துச் சிறுவர் தம் ஆட்டங்களில் தமக்கே சூட்டி மகிழ்ந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்து ஏணியின் கீழ்ப்படி தோட்டத் திடல். தோட்டங்களுக்கிடையே ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த ஆட்டங்களே தேர்வுக்களம்.

அத்திடல் நிலைக்கவில்லை. ரப்பர் செம்பனைக்கு இடம் விட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாய் ஓய்ந்தன. குடும்பங்கள் நகரங்களின் மலிவுவிலை அடுக்குவீடுகளுக்குப் பெயர்ந்தன. 1957இல் 888 என்றிருந்த தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை இன்று ஏறத்தாழ 530 ஆகச் சுருங்கியதும் இப்பெயர்ச்சியின் விளைவுகளுள் ஒன்று. அதே காலத்தில், 1989இல் மலேசியக் காற்பந்து பகுதித் தொழில்முறை ஆட்டமாகவும், 1994இல் முழுத் தொழில்முறை ஆட்டமாகவும் மாறிற்று. ஆட்டத்துக்கு ஊதியம் கிடைக்கத் தொடங்கிய காலமும், ஆடப் பயின்ற திடல் மறையத் தொடங்கிய காலமும் ஒன்றாய் அமைந்தது தமிழரைப் பொறுத்தவரை வரலாற்றின் பெரும் முரண் எனலாம்.

குறையை ஈடுசெய்ய முயற்சியே நடவாமல் இல்லை. மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றமும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமும் இணைந்து நிறுவிய கழகம், 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பின்னர்ப் பெட்டாலிங் ஜெயா சிட்டி எனப் பெயர் மாறி 2019இல் சூப்பர் லீக்கை எட்டியது. பிற கழகங்கள் வெளிநாட்டு ஆட்டக்காரரைப் பெரிதும் நம்பியிருக்க, 2021ஆம் ஆண்டில் இக்கழகம் உள்நாட்டு ஆட்டக்காரரை மட்டுமே களமிறக்கி நின்றது. ஆயின் 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு லீக்கினின்று விலகிற்று. ஏணியின் உச்சிப்படி ஒன்று அவ்வாறு இல்லாமற் போயிற்று. நாடு தழுவிய நிலையில் 2014இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பகாங் மாநிலத்தின் கம்பாங்கில் மொக்தார் டஹாரிப் பெயரிலமைந்த பயிற்சிக்கழகம் அதன் உயர்படி. வாயில் அங்கு உண்டு. அவ்வாயில்வரை ஒரு தொழிலாளியின் மகனை யார் அழைத்துச் செல்வது என்பதே எஞ்சிய வினா.

ஹட்டர்ஸ்ஃபீல்டில் கூடியோர் திறமையைப் பற்றி வாதிடவில்லை. திறமை தம்மிடம் உண்டென்பதை அவர்கள் அறிவர். அவர்கள் கேட்டது ஒரு நாளின் கூலி. இன்று கோப்பெங்கின் ஓர் எளிய குடும்பத்துப் பிள்ளை ஈப்போவில் நடக்கும் பயிற்சிக்கு வாரம் மும்முறை செல்ல வேண்டுமெனில், பேருந்துக் கட்டணமும், காலணியும், அழைத்துச் செல்லும் தந்தை விட்டுக்கொடுக்க வேண்டிய கூடுதல் நேர வேலையும் சேர்ந்து அதே ஆறு ஷில்லிங் கணக்காக முன்னிற்கின்றன. அதனை ஈடுசெய்யப் பெருங்கழகம் ஒன்று தோன்றும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. விகனின் சிறுகழகங்கள் ஊராரின் சிறு சந்தாவாலும் மாலை நேரத்து உழைப்பாலும் நின்றவை. ஓர் ஊரின் தமிழ்ப்பள்ளி, அதன் பெற்றோர் ஆசிரியர் சங்கம், முன்னாள் மாணவர், அவ்வூர்க் கடைக்காரர் ஆகியோர் கூடின், ஒரு திடலையும் ஒரு பயிற்றுநரையும் பத்துப் பிள்ளைகளின் வழிச்செலவையும் தாங்குதல் இயலாததன்று. அப்பத்துப் பேருள் ஒருவனும் தொழில்முறை ஆட்டக்காரன் ஆகாமற் போகலாம். ஆயினும் பத்துப் பேரும் மாலையில் திடலிலும் இரவில் பாடநூலோடும் இருப்பர்.

சுரங்கக் குழாய்கள் ஓய்ந்த கோப்பெங்கில் மாலைநேர மழை ஓய்ந்தவுடன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவரும் சிறுவருக்கு இன்றும் குறைவில்லை. அவர்களுள் யார் எதுவரை செல்வர் என்பதை எந்த ஆள்தேர்வராலும் முன்னறிந்து கூற இயலாது. அவர்கள் செல்வதற்கான முதற்படியை இடுவது ஊராரின் கையில் உள்ளது.